வாய் நிறைந்த அவை

கதை கேட்க வந்தவர்கள் உட்காரலாம். வெற்றிலை போட்டிருப்பவர்கள் மட்டும் எழுந்துபோய்த் துப்பிவிட்டு வாருங்கள். காரணம் போகப் போகத் தெரியும்.

கடல் இப்போது இருக்கும் இடத்துக்கு இரண்டு காதம் கிழக்கே இருந்த காலத்தில், அகன்பொழில் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டை ஆண்ட மன்னனுக்குப் பதினேழு பட்டங்கள். 'பகைவர் நடுங்க நின்றான்' என்பது ஒன்று. 'பாலம் நூறு கண்டான்' என்பது ஒன்று. 'குடிகளின் குரல் கேட்டான்' என்பது ஒன்று. பதினேழையும் ஒரு பெரிய கல்லில் வெட்டச் சொன்னான். சிற்பி பட்டங்களை வெட்டி முடித்தபோது கல்லில் இடம் தீர்ந்துவிட்டது. பெயரை வெட்ட முடியவில்லை. ஆகவே அவன் பெயர் நமக்குக் கிடைக்காமல் போயிற்று. வேறு வழியில்லை, நாமும் அவனை மன்னன் என்றே சொல்லிக்கொள்வோம்.

பதினேழில் அவனுக்கு மிகவும் பிடித்தது, 'குடிகளின் குரல் கேட்டான்' என்பதுதான். அதில் ஒரு நியாயமும் இருந்தது. ஆண்டுதோறும் ஆனி மாத வளர்பிறையில், நாற்பத்திரண்டு ஊர்களின் தலைவர்களையும் அவன் தலைநகருக்கு அழைப்பான். வரி என்ன, வழி என்ன, வயல் என்ன என்று நாட்டுக் காரியம் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் கருத்துக் கேட்பான். அக்கம்பக்கத்து நாடுகளில் எந்த அரசனும் அப்படிக் கேட்டதாகச் செய்தி இல்லை.

கேட்டது உண்மை. பதில் வந்ததா என்பது வேறு விஷயம்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கொடுத்த வெற்றிலையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டால், சொன்னதற்கு ஒப்புக்கொண்டதாகப் பொருள். பெண் கொடுப்பதும் அப்படித்தான். வழக்குத் தீர்ப்பதும் அப்படித்தான். போருக்குப் போவதும் அப்படித்தான். பழைய அரசர்கள் காலத்தில் அவையில் முதலில் பேச்சு நடக்கும். பேசிப் பேசித் தொண்டை வறண்ட பிறகு வெற்றிலைத் தட்டு வரும். வேண்டியவர் எடுப்பார், வேண்டாதவர் எழுந்து போவார்.

இந்த மன்னனிடம் சேந்தங்கூத்தர் என்றொருவர் அமைச்சராக வந்தார். நன்றாகப் படித்தவர், நயமாகப் பேசுபவர். வந்த முதல் ஆண்டே அவர் மன்னனிடம் சொன்னார்: "மன்னா, தொலைவிலிருந்து நடந்து வந்தவர்களை வெறும் வாயோடு உட்கார வைப்பது நம் மரபுக்கு அழகா? வந்தவுடன் வெற்றிலை கொடுப்போம். பேச்சு எங்கே போகிறது?"

மன்னனுக்கு இது நல்ல உபசாரமாகப் பட்டது. அன்றிலிருந்து வெற்றிலை முதலில் வந்தது.

சாதாரண வெற்றிலை அல்ல. ஐந்து கொழுந்து வெற்றிலை, முழுக் கொட்டைப்பாக்கு, ஏலம், கிராம்பு, பச்சைக் கற்பூரம் எல்லாம் சேர்த்து எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சுருள். அதை வாயில் போட்டுக்கொண்டவர் பேச முடியாது. பேசினால் சாறு தெறிக்கும். அரசன் முன்னால் சாறு தெறித்தால் குற்றம். துப்பவும் முடியாது. துப்புவதற்கான படிக்கம் அந்த மண்டபத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தங்கத்தால் ஆனது, அரசனுக்கு உரியது.

பிறகு அமைச்சர் ஆணையை வாசிப்பார்.

"தலைவர்களே, உங்கள் கருத்து என்ன?" என்று மன்னன் கேட்பான். நாற்பத்திரண்டு வாய்களும் மெல்லும்.

"மறுத்துப் பேசுபவர் உண்டா?" என்பான். மெல்லும்.

"மூன்றாம் முறையும் கேட்கிறேன், மறுப்பவர் உண்டா?" என்பான். மெல்லும்.

உடனே, அவை நடப்பை எழுதிவைக்கும் ஓலைநாயகம் எழுத்தாணியை எடுத்து, "மறுப்பு இல்லை" என்று எழுதுவார். பதினோரு ஆண்டுகளாக அவர் எழுதியது அந்த இரண்டு சொற்கள்தான். எழுதி எழுதி அவருடைய கையெழுத்து மிகவும் அழகாகிவிட்டது.

தலைவர்களுக்கு இது புரியாமலா இருந்தது? புரிந்தது. ஆனால் பெரிய ஊருக்குப் பெரிய சுருள், சின்ன ஊருக்குச் சின்னச் சுருள் என்று அமைச்சர் ஒரு வரிசை வைத்திருந்தார். யார் கன்னம் அதிகமாகப் புடைத்திருக்கிறது என்பதே தலைவர்களுக்குள் பெருமையாகிவிட்டது. போகும்போது ஆளுக்கொரு பட்டு மேலாடையும் கிடைத்தது. ஊருக்குத் திரும்பியவர்களிடம், "என்ன பேசினீர்கள்?" என்று யாரும் கேட்கவில்லை. "எவ்வளவு பெரிய சுருள் கொடுத்தார்கள்?" என்றுதான் கேட்டார்கள்.

இப்படியாகப் பாலச் சுங்கம் வந்தது. மறுப்பு இல்லை. இப்படியாக ஊர்களின் மேய்ச்சல் நிலம் அரண்மனைக் குதிரைகளுக்குப் போயிற்று. மறுப்பு இல்லை. மூன்றாவதாக ஓர் ஆணை தயாரானது. நாட்டிலுள்ள விதைநெல் முழுவதும் தலைநகரக் களஞ்சியத்துக்கு வந்துவிட வேண்டும், விதைப்புக் காலத்தில் அரண்மனையே அளந்து கொடுக்கும் என்பது அந்த ஆணை.

"விதையைத் தின்றுவிடும் ஏழைகளைக் காப்பதற்காக" என்று மன்னனிடம் சொன்னார் அமைச்சர். தன் வீட்டில், தனக்கு மட்டும் கேட்கும்படி, "விதை நம் கையில் இருந்தால், ஊர்கள் நம் வாசலில் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டார்.

இனி உவர்க்குளம் என்ற ஊருக்கு வருவோம்.

நாற்பத்திரண்டு ஊர்களில் கடைசி ஊர் அது. பெயரே சொல்லும், உப்பு மண், உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் குடித்துக் குடித்து, நாற்பது வயதுக்கு மேல் அங்கே ஒருவருக்கும் பல் நிற்பதில்லை. அதனால் வீட்டுக்கு வீடு ஒரு சின்ன இரும்பு உரல் இருக்கும். வெற்றிலையை அதிலிட்டு இடித்துத்தான் வாயில் போட்டுக்கொள்வார்கள்.

அந்த மண்ணில் மற்ற ஊர் நெல் முளைக்காது. முளைத்தாலும் முழங்கால் உயரத்தில் கருகிவிடும். குழியடிச்சான் என்ற ஒரே ஒரு நெல்தான் அந்த உப்பைத் தின்று வளரும். அதன் விதையை மண்ணால் ஆன ஊர்ப் பொது நெற்குதிரில் வைத்துக் காப்பார்கள். அந்த நெற்குதிரைக் காப்பவரே அந்த ஊரின் தலைவர்.

பதினோரு ஆண்டுகள் தலைவராக இருந்தவர் குப்பாண்டி. வேற்றூரிலிருந்து வந்து அந்த ஊரில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டவர். முப்பத்திரண்டு பல்லும் உள்ளவர். மேய்ச்சல் நிலத்தில் வேலி போட்டு இரண்டு ஆண்டுகளாகியும் ஆடுகள் பட்டினியோடு திரும்பிக்கொண்டிருந்தபோது, ஊரார் அவரைச் சூழ்ந்துகொண்டு, "அவையில என்னதான்யா நடந்துச்சு?" என்று கேட்டார்கள்.

குப்பாண்டி நாக்கால் பல்லைத் துழாவினார். பிறகு, "பாக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார்.

அன்றைக்கே குதிரின் பொறுப்பு கைமாறியது. சிலம்பாயி என்ற பெண்ணிடம் போயிற்று. நாற்பத்தெட்டு வயது, ஒரு பல் கிடையாது, சொல் மட்டும் கடிக்கும்.

அடுத்த ஆனி வந்தது. "விதைநெல்லைப் பற்றி மன்னர் கருத்துக் கேட்கப் போகிறார்" என்று பறையறைந்து போனார்கள். சிலம்பாயி நெற்குதிரைத் திறந்து ஒரு கைப்பிடி குழியடிச்சானை முந்தானையில் முடிந்துகொண்டாள். இரும்பு உரலை இடுப்பில் செருகிக்கொண்டாள். மூன்று நாள் வழி. முதல் நாள் தங்கிய செம்மேட்டில் ஒரு கைப்பிடி விதை கேட்டு வாங்கினாள். அங்கே புழுதிக்கார் என்ற நெல், மழை பொய்த்தாலும் புழுதியில் கிடந்து பிழைக்கும். இரண்டாம் நாள் தங்கிய மேலைநல்லூரிலும் ஒரு கைப்பிடி கேட்டாள். அங்கே மடுமுழுங்கி, ஆளுயர வெள்ளம் வந்தாலும் தலை நீட்டி விளையும்.

மேலைநல்லூர் நாட்டிலேயே பெரிய ஊர். அதன் தலைவர் மழவராயர் விதையை அள்ளிக் கொடுத்துவிட்டு, அவள் இடுப்பைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன தங்கச்சி, அவைக்கு உரலோட கிளம்பிட்ட? ராசா வீட்டுல மாவிடிக்க ஆள் இல்லையா?"

"வாயிருந்தும் பேசாதவங்க நாப்பத்தோரு பேர் இருக்கீங்களேண்ணே. ஏதாவது ஒண்ணாவது அங்க சத்தம் போட வேணாமா?"

மழவராயர் முகம் சுருங்கியது. "சின்ன ஊர்க்காரங்களுக்கு வாய் பெருசு" என்று முனகிக்கொண்டே தன் பட்டு மேலாடையைச் சரிசெய்துகொண்டார். நாட்டிலேயே பெரிய சுருள் அவருக்குத்தான் என்பதை அவள் அறியவில்லை போலும் என்று நினைத்தார்.

அவை கூடியது. நாற்பத்தொரு ஆண்கள், கடைசி வரிசையில் ஒரு பெண். தட்டு வந்தது. வரிசையாகக் கன்னங்கள் புடைத்தன. சிலம்பாயியும் இரு கையும் நீட்டி மரியாதையாக வாங்கிக்கொண்டாள். பிறகு சப்பணமிட்டு உட்கார்ந்து, உரலை மடியில் வைத்து, சுருளை அதில் போட்டாள்.

டொக். டொக். டொக்.

அமைச்சர் ஓலையிலிருந்து தலை நிமிர்ந்தார். "அது என்ன சத்தம்?"

"உரல் சத்தமுங்க."

"அரசவையில் உரலா?"

"எனக்குப் பல் இல்லீங்க, அமைச்சரய்யா. எங்க ஊர்த் தண்ணி வாகு. இடிச்சாத்தான் வாயில போட முடியும். ராசா கொடுத்ததைப் போடாம இருந்தா மரியாதையா இருக்குமா?"

அமைச்சர் உரலைப் பார்த்தார். போடச் சொன்னவர் அவர். போடுவதற்குத்தான் அவள் இடிக்கிறாள். இந்த நாட்டில் பல் இல்லாத ஊர் ஒன்று இருக்கிறது என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். அந்த ஊருக்குப் போயிருந்தால் முன்பே அறிந்திருப்பார்.

"சீக்கிரம் இடி" என்றார்.

"முழுக் கொட்டைப்பாக்குங்க. மெதுவாத்தான் மசியும்."

அமைச்சர் விதைநெல் ஆணையை வாசித்து முடித்தார். மன்னன் வழக்கம்போல் எழுந்து, "தலைவர்களே, உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டான். நாற்பத்தொரு வாய்கள் மென்றன.

"எனக்கு ஒரு சந்தேகம், ராசா."

மன்னன் திடுக்கிட்டு அங்குமிங்கும் பார்த்தான். குடிகளின் குரல் கேட்டான் என்று பட்டம் பெற்றவன், தன் கேள்விக்குப் பதிலாக ஒரு குடியின் குரலைக் கேட்டது அதுவே முதல் தடவை. ஓலைநாயகத்தின் எழுத்தாணி கை நழுவிக் கீழே விழுந்தது.

"கேள்" என்றான் மன்னன்.

டொக். "பொட்டலாத்துல பாலச் சுங்கச் சாவடி இருக்கு. பாலம் எங்க, ராசா? முந்தாநேத்து முழங்கால் தண்ணியில இறங்கி நடந்து வந்து கரையேறினேன். ஏறினதும் பாலத்துக்குன்னு காசு வாங்கிக்கிட்டாங்க. பாலம் வேற பக்கம் போயிருக்கா, திரும்பி வருமா?"

மன்னன் அமைச்சரைப் பார்த்தான். "பாலம் திட்டத்தில் இருக்கிறது, மன்னா" என்றார் அமைச்சர். "சுங்கம் முதலில், பாலம் பிறகு."

"ஓ, வெத்தலை மாதிரி" என்றாள் சிலம்பாயி.

மன்னன் இரண்டாம் முறை கேட்டான், சற்றுத் தயங்கி. "வேறு யாருக்கேனும் மறுப்பு உண்டா?" நாற்பத்தொரு வாய்கள் மென்றன, ஆனால் முன்போல வேகமாக அல்ல.

டொக். டொக். "குதிரைக்குன்னு எங்க மேய்ச்சல் நிலத்தை எடுத்து வேலி போட்டீங்க. மூணு வருசமாச்சு. புல்லு ஆளு ஒசரம் நிக்குது. குதிரை எங்க, ராசா?"

"குதிரைகள் மேற்குக் கடல் வழியாக வந்துகொண்டிருக்கின்றன" என்றார் அமைச்சர்.

"மூணு வருசமாவா? நீந்தியா வருது?"

இந்த இடத்தில் ஒரு விபத்து நடந்தது. எலுமிச்சை அளவு சுருளை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பது எவ்வளவு கடினம் என்று முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நாற்பத்தொரு வயிறுகள் குலுங்கின. செம்மேட்டுத் தலைவருக்குப் புரையேறிக் கண்ணில் நீர் வந்தது. ஒருவருடைய மோவாயில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. அவர் அவசர அவசரமாக அதைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அமைச்சருக்குக் கோபம் வந்தது. "இடித்தது போதும். வாயில் போடு!"

"இதோ, இன்னும் ஒரு தடவை இடிச்சாப் போதுங்க." அவள் கையிலிருந்த சின்ன உலக்கையைக் கீழே வைத்தாள். முந்தானையை அவிழ்த்து, மூன்று முடிச்சுகளையும் பிரித்து, மூன்று குவியலாக நெல்லைத் தரையில் வைத்தாள். "ராசா, ஒண்ணு உப்புல விளையும். ஒண்ணு வெள்ளத்துல விளையும். ஒண்ணு புழுதியில விளையும். இடம் மாத்திப் போட்டா ஒண்ணும் விளையாது. நாளைக்கு உங்க களஞ்சியத்துல இருந்து அளந்து கொடுக்கப் போறவரு இது எது எதுன்னு சொல்லட்டும். சொல்லிட்டா, இந்த வெத்தலையை இப்பவே முழுங்கிட்டு, எங்க நெல்லுக் குதிரையும் திறந்து விட்டுடுறேன்."

மன்னன் அரியணையிலிருந்து இறங்கி வந்தான். மூன்று குவியலிலும் ஒவ்வொரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தான். பதினேழு பட்டங்களும் அவனுக்கு உதவவில்லை. அமைச்சரிடம் கையை நீட்டினான்.

"நெல் நெல்தான், மன்னா" என்றார் அமைச்சர். "வேற்றுமையைப் பெரிதாக்குவது பட்டிக்காட்டுப் பழக்கம். இதோ பாருங்கள்." குனிந்து, மூன்று குவியலையும் ஒன்றாக அள்ளி, வெற்றிலைத் தட்டில் போட்டுக் கையால் கலக்கினார். "சிக்கல் தீர்ந்தது. இனி ஒரே நாடு, ஒரே நெல்."

யாரும் மெல்லவில்லை.

முன் வரிசையில் இருந்த மழவராயர் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெருவெள்ளங்களில் அவருடைய வீடு போயிருந்தது, மாடு போயிருந்தது. விதைப்பானையை மட்டும் தலையில் சுமந்து நீந்தி வந்து காத்த நெல் அது. இப்போது அது எது என்று பிரித்தெடுக்க அவரால் முடியும், அமைச்சரால் முடியாது.

"தலைவர்களே" என்றான் மன்னன், மெல்ல. "உங்களுக்கு இந்த நெல் தெரியுமா?"

"ம்ம்ம்" என்றார்கள் நாற்பத்தொரு பேரும்.

"என்ன சொல்கிறீர்கள்?"

"ம்ம்ம்! ம்ம்!"

"மறுப்பு இல்லை என்று எழுது" என்று ஓலைநாயகத்திடம் சொன்னார் அமைச்சர். பிறகு சிலம்பாயியின் பக்கம் திரும்பினார். "கடைசியாகச் சொல்கிறேன். மன்னரின் வெற்றிலையை மறுத்தவருக்குத் தலைமை இல்லை. அவர் ஊருக்கு இந்த அவையில் இடமில்லை. களஞ்சியத்திலிருந்து ஒரு மணி விதையும் இல்லை. உன் ஊர் பட்டினி கிடக்க வேண்டுமா? போடு வாயில்!"

சிலம்பாயி எழுந்து நின்றாள். இடித்து மசிந்த வெற்றிலை உரலில் செக்கச்செவேலென்று இருந்தது. இரண்டு காவலர்கள் அவளை நோக்கி நடந்தார்கள். அவள் உரலைக் கவிழ்த்து, வெற்றிலையை அமைச்சரின் காலடியில் தட்டினாள்.

"அவை உங்க கட்டடம், வச்சுக்கிடுங்க. வெத்தலை உங்க வெத்தலை, இடிச்சே கொடுத்துட்டேன், நீங்களே போட்டுக்கிடுங்க. விதை எங்களது. அது வராது."

காவலர்கள் அவளுடைய கையைப் பிடித்தார்கள்.

அப்போது மழவராயர் எழுந்தார். தோளிலிருந்த பட்டு மேலாடையை எடுத்தார். அது மன்னன் கையால் போர்த்தியது. பதினோரு பட்டுகளில் மிகச் சிறந்தது. அதை இரு கையிலும் ஏந்தி, நாட்டிலேயே பெரிய சுருளை அதற்குள் துப்பினார்.

"அந்தப் பொம்பளை மேல கை வைக்காதீங்கடா!" என்றார். பதினோரு ஆண்டுகளாக அவருடைய குரலை அவையில் யாரும் கேட்டதில்லை. அது இடி மாதிரி இருந்தது. தட்டின் அருகே போய் விரலால் கிளறினார். "இது மடுமுழுங்கி, எங்க ஊருது. இது உவர்க்குளத்துக் குழியடிச்சான். இது புழுதிக்கார். குருடன் தடவினாக்கூடச் சொல்லுவான். இதைக் கலக்குறவன் கையில, என் ஊர் விதையில ஒரு பதர் கொடுக்க மாட்டேன். என் கையையும் கட்டுங்க."

செம்மேட்டுத் தலைவர் எழுந்தார். பட்டில் துப்பினார். "என் கையையும்."

மூன்றாமவர் எழுந்தார். "என் கையையும்."

பிறகு யார் முதல், யார் அடுத்தவர் என்று வரிசை வைக்க முடியவில்லை. நாற்பத்தொரு பட்டுகள் சிவந்தன. பதினோரு ஆண்டுப் பேச்சு ஒரே நேரத்தில் வெளியே வந்தது. "எங்க ஊர்ச் சாலை எங்க?" என்றார் ஒருவர். "எங்க மதகு எங்க?" என்றார் ஒருவர். "எல்லாத்துக்கும் முன்னால என் தொண்டைக்குத் தண்ணி எங்க?" என்றார், புரையேறிய செம்மேட்டுத் தலைவர். காவலர்கள் இருவரும் யாருடைய கையைப் பிடிப்பது என்று தெரியாமல், பிடித்திருந்த கையையும் விட்டுவிட்டார்கள். அவர்களும் ஏதோ ஓர் ஊர்க்காரர்கள்தானே.

சத்தம் சற்று அடங்கியபோது ஓலைநாயகம் எழுத்தாணியைக் கீழேயிருந்து எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மன்னா, என்ன எழுத?"

"மறுப்பு இல்லை என்று எழுதும், ஐயா!" என்றார் அமைச்சர்.

"நான் மன்னரைக் கேட்டேன்."

மன்னன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். மூன்று நெல்லும் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. எது எது என்று அப்போதும் அவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது மட்டும் தெரிந்தது. சுற்றிலும் பார்த்தான். சிவந்த பட்டுகள், நின்றுகொண்டிருந்த தலைவர்கள், கவிழ்ந்த உரல். நாற்பத்திரண்டு ஊர்களையும் சிறையில் போட அவனிடம் சிறை இல்லை. போட்டால் ஆள்வதற்கு நாடும் இல்லை.

"நடந்ததை எழுது" என்றான்.

அழகான கையெழுத்துள்ள ஓலைநாயகம் அன்று மூன்று கட்டு ஓலை எழுதினார். கை வலித்தது என்று வீட்டில் சொன்னாராம். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

விதைநெல் ஆணை அன்றோடு ஒழிந்தது. பொட்டலாற்றில் பாலம் வந்தது. நூறில் அதுதான் முதலாவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். மேய்ச்சல் நிலத்து வேலியைப் பிடுங்க மன்னன் ஆணையிடவில்லை. ஆணை வரட்டும் என்று ஊர்க்காரர்கள் காத்திருக்கவும் இல்லை. தலைவர்கள் வீடு திரும்பும் வழியிலேயே பிடுங்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். சேந்தங்கூத்தரை மன்னன் தண்டிக்கவில்லை. குதிரைகளை எதிர்கொண்டு அழைத்துவர மேற்குக் கடற்கரைக்கு அனுப்பினான். அவர் அங்கேயே நிற்கிறார்.

அடுத்த ஆனியில் அவை மறுபடியும் கூடியது. வாசலில் புதுப் பட்டு அடுக்கி வைத்திருந்தார்கள். ஒருவரும் அதைத் தொடவில்லை. வெற்றிலைக் கறை துவைத்தால் போகாது என்பது உங்களுக்குத் தெரியும். நாற்பத்தொரு தலைவர்களும் சிவந்த கறை படிந்த பழைய பட்டையே தோளில் போட்டுக்கொண்டு, கறை வெளியே தெரியும்படி மடித்து, உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். சிலம்பாயியிடம் பட்டு இல்லை. அவள் உரலை எடுத்து எல்லோர் முன்னாலும் நடுவில் வைத்தாள், வெறும் உரலாக.

"முதலில் பேசுவோம்" என்றான் மன்னன்.

வெற்றிலைத் தட்டு அன்று பொழுது சாய்ந்த பிறகுதான் வந்தது.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: உன் கருத்தைக் கேட்கிறேன் என்று அழைத்தவன் முதலில் உன் வாயை நிரப்பினால், அதைத் துப்பிவிட்டுப் பேசு.